செயின்சோவால காடி வெட்டினா ஏன் கரடுமுரடா வருது?

தம்பி, இலங்கையில எல்ல ஊர்ப் பக்கம் பைனஸ் மரக்குத்தியில கபானா (மரக்குடில்) கட்டுறேன், காடி (ஒரு குத்தி மேல இன்னொன்னு உக்கார வெட்டுற பள்ளம்) வெட்டுன இடம் மொழுமொழுன்னு வரமாட்டேங்குதுன்னு கேட்டிருந்தீங்க, முதல்ல செயினைப் பாருங்க. ஒரு பக்கத்துப் பல்லு மட்டும் மொட்டையா இருந்தா பார் (செயின் சுத்தி ஓடுற நீளத் தகடு) ஒரு பக்கமா இழுக்கும், வெட்டு வளையும், அதனால ரெண்டு பக்கத்துப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையா அரத்த இழுக்கணும், அரமும் அந்தச் செயினுக்கு உரிய அளவுல இருக்கணும்.

காடிக்குக் கோடு கீறுனதும் நேரா கோட்டுலயே வெட்டிறாதீங்க. அந்தக் கோட்டு மேல உளியாலயோ கத்தியாலயோ ஆழமா ஒரு கீறல் போட்டுடுங்க, அப்பதான் ஓரத்துல நார் பிய்யாது. பொறவு கோட்டுக்கு உள்ள கால் அங்குலம் விட்டு, அங்குலத்துக்கு ஒன்னா துண்டு துண்டா அறுத்து சுத்தியலால தட்டி எடுத்துருங்க. மிச்சத்தை அறுக்கக்கூடாது, தடவணும். அதாவது ஃபுல் த்ராட்டில்ல (முழு வேகத்துல) வச்சு, பாரை அமுக்காம, பெயின்ட் பிரஷ் இழுக்குற மாதிரி பக்கவாட்டுல லேசா இழுத்துக்கிட்டே வந்தா செயினே இழைப்புளி மாதிரி சீவிரும். நானும் ஆரம்பத்துல அமுக்கித்தான் கெடுத்தேன்!

பார் நுனியோட மேல்பாதி மட்டும் மரத்துல படவே கூடாது, மூஞ்சிக்கே திருப்பி அடிக்கும்.

அப்புறம் காடி நடுவுல கொஞ்சம் குழிவா விடுங்க, ஓரம் மட்டும் கீழ்க்குத்தியில உக்காந்தா போதும், உள்ள கண்ணாடி மாதிரி இருக்கணும்னு அவசியமே இல்ல, அத யாரு பாக்கப்போறா? வெளிய தெரியுற ஓரத்த மட்டும் கிரைண்டர்ல சேண்டிங் டிஸ்க் போட்டு ஒரு இழுப்பு இழுத்துவிடுங்க.