மாநகர் மன்றத்தில் அரசாங்கத் தொடர்பு, சட்டமன்ற விவகார வேலை: போகலாமா?

உங்கள் கேள்வி இதுதான்: மாநகர் மன்றம் ஒன்றில் அரசாங்கத் தொடர்பு, சட்டமன்ற விவகாரப் பிரிவில் வேலை வந்திருக்கிறது. வீட்டில் அதைப் பெரிய மனிதர்களுக்குப் பின்னால் பைல் தூக்கிக்கொண்டு நிற்கிற வேலை என்கிறார்கள். போகலாமா, வேண்டாமா? உங்களுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும் என்று நினைத்துத் தம்பி என்றே கூப்பிடுகிறேன். தங்கச்சியாக இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

அந்தப் 'பின்னால் நிற்கிற வேலை' என்ற பேச்சுதான் என்னை எழுத வைத்தது. என் சொந்த அண்ணனே நான் ஓய்வு பெறும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் ஓர் ஊராட்சி (உள்ளாட்சி) மன்றத்தில் அந்த மேசையில் பல வருஷம் இருந்தவள் நான். எந்த மன்றம், எந்த ஒய்.பி. (சட்டமன்ற உறுப்பினரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) என்று எழுத மாட்டேன். கூட வேலை பார்த்தவர்கள் இன்னும் பணியில் இருக்கிறார்கள். இவள் ஏதோ கட்சிக்காரி என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: 2008 மார்ச்சில் இங்கே மாநில ஆட்சி மாறியது. அதற்கு முன்பும் அதே நாற்காலியில்தான் இருந்தேன், பின்பும் அதே நாற்காலியில்தான் இருந்தேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டில் மாநகர் மன்றம் தன் இஷ்டத்துக்கு எதையும் செய்துவிட முடியாது. அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் ஊராட்சி, மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி மேயரைத் தவிர அதிகபட்சம் 24 உறுப்பினர்கள், எல்லாரும் மாநில அரசு நியமிப்பவர்கள். மன்றம் ஒரு துணைச் சட்டம் போட்டால், மாநில அரசு உறுதிப்படுத்தி அரசிதழில் வரும்வரை அது வெறும் தாள். வரவு செலவுத் திட்டமும் மேலே போய்த்தான் வர வேண்டும். அதற்கும் மேலே மத்திய அரசாங்கம். 95A பிரிவின் கீழ் ஊராட்சிக்கான தேசிய மன்றம் ஒன்றும் இருக்கிறது. கோலாலம்பூரில் கதையே வேறு. 1974இல் மத்திய அரசின் கீழ் வரும் கூட்டரசுப் பிரதேசமான பிறகு அங்கே சட்டமன்றம் கிடையாது, கேள்வியெல்லாம் மக்களவையில்தான் வரும். உங்கள் வேலை எந்த ஊரில் என்று நீங்கள் எழுதவில்லை. நான் பினாங்கு நிலவரத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

தெருவில் நின்று பார்த்தால் எல்லாம் ஒரே தெரு. தாளில் பார்த்தால் கூட்டரசுச் சாலை பொதுப்பணி இலாகாவிடம், ஆறு நீர்ப்பாசன வடிகால் இலாகாவிடம், குடிநீர்க் குழாய் தண்ணீர் நிறுவனத்திடம், வீட்டுப் பின்னால் ஓடும் சின்னக் கால்வாய் மன்றத்திடம். குப்பையும் அப்படித்தான். 2007ஆம் ஆண்டு திடக்கழிவுச் சட்டத்தைப் பினாங்கு ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால் இங்கே குப்பை மன்றத்தின் பொறுப்பாகவே இருந்துவிட்டது, பக்கத்துக் கெடாவில் அப்படி இல்லை. எது யார் கையில் என்று தெரிந்தவர் ஒருவர் மன்றத்துக்கு வேண்டும். அதற்குத்தான் இந்த வேலை.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

சட்டமன்றம் கூடுவதற்கு முன் கேள்விகள் எங்களிடம் வரும். ஒரு சட்டமன்ற உறுப்பினர், வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் ஒரு கால்வாயைப் பற்றி வாய்மொழிக் கேள்வி போட்டிருந்தார். ஏன் அங்கே வெள்ளம் ஏறுகிறது, மன்றம் என்ன செய்தது என்று கேட்டிருந்தார். நான் சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பினேன். 'கால அட்டவணைப்படி தூர்வாரப்பட்டு வருகிறது, கடைசியாகச் சென்ற மாதம்' என்று தேதியோடு பதில் வந்தது. அதை மலாயில் அழகாக எழுதி, ஆட்சிக்குழு உறுப்பினரின் (மாநில அமைச்சர் மாதிரி) கோப்பில் வைத்துவிட்டேன். லெபோ லைட் சாலையில் இருக்கும் சட்டமன்றக் கட்டடத்தில் அவர் அதை வாசித்தார். உடனே அந்த உறுப்பினர் துணைக் கேள்விக்கு எழுந்தார். கையில் ஒரு படம். ஒரு பாட்டி தன் சமையலறையில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார். "தூர்வாரிய நான்காம் நாள் எடுத்தது, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

கோப்பில் அதற்குப் பதில் இல்லை. அதிகாரிகள் உட்காரும் வரிசையில் இருந்த நான் தலை நிமிரவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் என்னை வாட்டியது. தூர்வாரியது உண்மை, ரசீது இருந்தது. ஆனால் அவர் கேட்டது வெள்ளம் ஏன் வருகிறது என்று. நாங்கள் சொன்னது எங்கள் வேலையை முடித்துவிட்டோம் என்று. அந்த வித்தியாசத்தைப் பார்க்க வேண்டியவள் நான். பார்க்கவில்லை.

மறுநாள் அங்கே போனேன். பாட்டி தமிழர். "வாங்கம்மா, செருப்போடயே வாங்க, தரை ஈரம்" என்றார். அடுப்புப் பக்கத்துச் சுவரில் கரியால் ஏழு கோடுகள் போட்டிருந்தார். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் நாள்காட்டித் தாள் ஒன்று, சோற்றுப் பருக்கையால் ஒட்டியது. தண்ணீர் ஏறிய அன்றைய தாளைக் கிழித்து, ஏறிய உயரத்தில் ஒட்டியிருக்கிறார். சில தாள்களின் ஓரம் பழுத்துப் போயிருந்தது. ஏழையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அலுவலகத்தில் தூர்வாரிய தேதிகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஏழில் மூன்று வெள்ளம் தூர்வாரிய ஒரு வாரத்துக்குள் வந்திருக்கிறது. ஆக, சேறு காரணம் இல்லை. கடல் ஏற்றம்தான் காரணம் என்றார் ஒரு பொறியாளர். நம் நாள்காட்டித் தாளில் அமாவாசை, பௌர்ணமி போட்டிருக்கும் இல்லையா? கடல் அதிகம் ஏறுவது அந்த நாட்களை ஒட்டித்தான். பார்த்தேன். ஏழில் இரண்டு மட்டுமே அதன் பக்கத்தில் வந்தன. அதுவும் காரணம் இல்லை.

அப்புறம் செய்ததுதான் இந்த வேலையின் சாரம். கடிதம் எழுதினால் பதிலுக்குக் கடிதம்தான் வரும். மன்றச் செயலாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ஒவ்வோர் இலாகாவிலும் அந்த வட்டாரத்தைப் பார்க்கும் தொழில்நுட்ப உதவியாளரைப் போனில் பிடித்தேன். கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர் வேறு, இடத்தை மிதித்தவர் வேறு. ஒரு புதன்கிழமை காலை 8 மணிக்கு நாலு பேரையும் ஒரே கல்வர்ட்டின் (சாலைக்கு அடியில் கால்வாய் போகும் வழி) மேல் நிற்க வைத்தேன். மூடியைத் திறந்து டார்ச் அடித்தால், கல்வர்ட்டின் வாயில் பாதி உயரத்தில் குறுக்கே ஒரு பழைய குழாய். அதில் தென்னை மட்டை, பிளாஸ்டிக், ஒரு மெத்தையின் கம்பிச் சுருள் எல்லாம் சிக்கிக் கிடந்தன. குழாய் யாருடையது என்று எழுத மாட்டேன். ஒரு தரப்பின் எல்லை அந்த வாய்க்கு முன்னால் முடிகிறது, அடுத்த தரப்பின் எல்லை சாலைக்கு அந்தப் பக்கம் தொடங்குகிறது. நடுவில் இருந்த ஆறடியை எல்லாரும் மற்றவருடையது என்று நினைத்திருந்தார்கள். அவரவர் பகுதியை அவரவர் ஒழுங்காகச் சுத்தம் செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

அந்தக் கல்வர்ட்டின் மேலேயே கைப்பட ஒரு குறிப்பு எழுதி, நாலு பேரிடமும் கையெழுத்து வாங்கினேன். குழாயை மாற்ற 14 மாதம் ஆனது, பணம் யார் போடுவது என்ற பேச்சு அதில் பாதி. ஆனால் மெத்தைக் கம்பியை அன்று மத்தியானமே எடுத்துவிட்டார்கள். அடுத்த கூட்டத்தொடருக்கு முன் அந்த உறுப்பினரின் சேவை மையத்துக்கே கோப்போடு போனேன், இதையும் செயலாளரிடம் சொல்லிவிட்டுத்தான். உங்கள் கேள்வியால்தான் கண்டுபிடித்தோம் என்று ஆட்சிக்குழு உறுப்பினரின் பதிலிலும் எழுதிக் கொடுத்தேன். அந்த வரியை எடுத்துவிடச் சொன்னவர்கள் உண்டு. ஆட்சிக்குழு உறுப்பினர் எடுக்கவில்லை, அப்படியே வாசித்தார். அந்த மனிதர்மேல் எனக்கு இன்றுவரை மரியாதை.

உடனே சிலர் கேட்பார்கள், ஓர் அரசு அதிகாரி நடந்து போய்க் கால்வாய் பார்ப்பது பெரிய சாதனையா என்று. சாதனை என்று நான் சொல்லவில்லை. முதல் தடவையே செய்திருக்க வேண்டியது, அவ்வளவுதான். 2017 நவம்பரில் பினாங்கு முழுக்க மூழ்கியதே, அந்த மாதிரி வெள்ளத்தை ஒரு குழாயை மாற்றித் தடுக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். சுங்கை பினாங்கு வெள்ளத் தடுப்பு மாதிரி வேலைகளுக்கு மத்திய அரசின் பணம் வர வேண்டும்.

கேட்காததையும் ஒன்று சொல்கிறேன், மனசு கேட்கவில்லை. இந்த மேசை இவ்வளவு முக்கியமானதற்குக் காரணம், மன்றத்தில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆள் யாரும் இல்லை என்பது. 1951இல் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுனில் நகராட்சித் தேர்தல் நடந்தது. 1957 ஜனவரி 1ஆம் தேதி அது மாநகரமானது. முதல் மேயர் டி.எஸ். ராமநாதன், நம் ஆள். 1965இல் இந்தோனேசியாவோடு இருந்த மோதலைக் காட்டி ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள். அதை ஆராய அமைத்த அரச ஆணையத்துக்குத் தலைவர் ஆதி நாகப்பன், அவரும் நம் ஆள். தேர்தல் தொடர வேண்டும் என்றுதான் அந்த ஆணையம் சொன்னது, யாரும் கேட்கவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பினாங்கு 2012இல் ஒரு சட்டம் போட்டுப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம், மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்றுவிட்டது. இந்த வரலாற்றின் நடுவில் இரண்டு தமிழர்கள் நிற்கிறார்கள். ராமநாதன் பெயரில் ஜார்ஜ் டவுனில் ஒரு சாலையே இருக்கிறது. ஒரு கல்யாண வீட்டில் எங்கள் பிள்ளைகளிடம் அவர் யார் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பெரியவர்களுக்கும் தெரியவில்லை. நடிகர்களின் பிறந்தநாள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை.

சரி தம்பி, உங்கள் விஷயம். போங்கள். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். நீங்கள் யாரிடம் பொறுப்பு? மன்றச் செயலாளரிடம் என்றால் நல்லது. விளம்பரப் பிரிவுக்குக் கீழே என்றால், மேயர் கோப்பி குடிப்பதைப் படம் எடுத்தே நாள் போய்விடும். இரண்டாவது, மன்றத்தின் முழுக் கூட்டத்துக்கும் குழுக் கூட்டங்களுக்கும் உங்களை உள்ளே விடுவார்களா? விடமாட்டோம் என்றால் யோசியுங்கள்.

மலாய் எழுத்தைத் தீட்டிக்கொள்ளுங்கள், சட்டமன்றப் பதிலில் ஒரு சொல் மாறினால் பொருளே மாறிவிடும். உறவினர்கள் கடை லைசென்ஸ், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் பெர்மிட் என்று போன் செய்வார்கள். எந்தக் கவுன்டருக்குப் போக வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். காரின் பின்னால் எப்போதும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வைத்திருங்கள். என்னுடையது 6ஆம் அளவு, இன்னும் நன்றாக இருக்கிறது. உங்களுக்குச் சேருமென்றால் கேளுங்கள், தருகிறேன்.