செகண்ட் ஹேண்ட் கேம்களும் தீர்ந்துபோன கீயும்: கேள்வி–பதில்

கேள்வி: ஜிடிஏ 5 கேமின் கணினிப் பதிப்பை ஒருவரிடம் 600 ரூபாய்க்கு வாங்கினேன். ஏழு டிவிடிகளிலும் ஒரு கீறல் கூட இல்லை. ஆனால் பெட்டியோடு வந்த கீ (கேமைத் திறக்க அடிக்க வேண்டிய எழுத்தும் எண்ணும் கலந்த தொடர்) ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்று வருகிறது. (சேலம்)

பதில்: அந்த கீ, கேமை வெளியிட்ட ராக்ஸ்டாரின் இணையக் கணக்குச் சேவையான சோஷியல் கிளப்பில் முந்தைய உரிமையாளரின் கணக்கில் ஏறிவிட்டது, அதைப் பிரித்தெடுத்து உங்கள் கணக்கில் சேர்க்க வழி கிடையாது. சுமார் 60 ஜிபி டவுன்லோடை மிச்சப்படுத்துவதைத் தவிர அந்த ஏழு டிவிடிகளால் பயனில்லை. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். இனிமேலாவது டிஸ்க்கை வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் தேடுவதற்கு முன்பு, கீ எந்தக் கணக்கிலாவது ஏற்றப்பட்டதா என்று கேளுங்கள்.

கேள்வி: கேம் வாங்கினேன், கீ வேலை செய்யவில்லை. உடனே வழி சொல்லவும். (மதுரை)

பதில்: எந்த கேம், எந்த ஆண்டுப் பதிப்பு, திரையில் வந்த செய்தி என்ன என்ற மூன்றில் ஒன்றைக்கூட எழுதாதவருக்கு என்ன வழி சொல்வது? எழுத்து ‘ஓ’வையும் பூஜ்யத்தையும், ‘பி’யையும் எட்டையும் மாற்றி அடித்துப் பார்த்துவிட்டு, விவரத்தோடு மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: ரிச்சி தெருவில் பழைய ஹாஃப்-லைஃப், ஸ்டார்கிராஃப்ட் சிடிகளைப் பார்த்தேன். அவற்றின் கீ இன்றும் செல்லுமா? (சென்னை)

பதில்: அந்தக் காலத்து கீயை இன்ஸ்டால் செய்யும்போது எண்களின் அமைப்பு சரியா என்று உங்கள் கணினியே பார்த்துக்கொள்ளும், வெளியே யாரிடமும் கேட்காது. ஆகவே தனியாக விளையாடுவதற்குப் பத்துக் கை மாறிய கீயும் போதும். 1998ஆம் ஆண்டு ஹாஃப்-லைஃப் கீயை, வேறு யாரும் முந்திக்கொள்ளாதிருந்தால், இன்று வால்வ் நிறுவனத்தின் இணைய கேம் கடையான ஸ்டீமிலும் ஏற்றலாம். எனவே இதற்கும் அதே கேள்விதான்: எந்தக் கணக்கிலாவது ஏற்றப்பட்டதா? அசல் கீ சிடி உறையின் பின்புறம் ஸ்டிக்கராக ஒட்டப்பட்டிருக்கும். சிடியின் மேல் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தால் அது எத்தனையாவது நகல் என்பது கடைக்காரருக்கே தெரியாது. ஸ்டார்கிராஃப்டுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். பழைய பதிப்பை பிளிஸார்டு நிறுவனம் 2017லேயே இலவசமாக்கிவிட்டது.

கேள்வி: 2003 வாக்கில் வந்த அசல் சிடி, அசல் கீ, இன்ஸ்டாலும் ஆகிறது. விண்டோஸ் 10ல் மட்டும் திறக்க மறுக்கிறது. (கோவை)

பதில்: கீயின் மீது குற்றமில்லை. அது நகலெடுப்பதைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் பூட்டுப் போட்ட சிடியாக இருக்கும். அந்தப் பூட்டுக்கு வேண்டிய டிரைவர் மென்பொருளைப் பாதுகாப்புக் காரணம் காட்டி விண்டோஸ் 10லிருந்து மைக்ரோசாஃப்ட் 2015ல் நீக்கிவிட்டது. அதற்காக பூட்டை உடைப்பதாக இணையத்தில் கிடைக்கும் கிராக் கோப்புகளைத் தேடிப் போய் வைரஸை வீட்டுக்கு அழைத்து வராதீர்கள். கேம் விற்கும் ஜிஓஜி தளத்தில் அதே கேம் பூட்டில்லாமல் கிடைக்கிறதா என்று பாருங்கள். தள்ளுபடி நாட்களில் சிடியைவிட மலிவாகவே கிடைக்கும்.

கேள்வி: நூறு கேம்களுக்கு மேல் உள்ள ஸ்டீம் கணக்கை ஒருவர் 3,000 ரூபாய்க்குத் தருகிறார். பாஸ்வேர்டு, மின்னஞ்சல் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். வாங்கலாமா? (திருநெல்வேலி)

பதில்: எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் வருவது நிற்கவில்லை. வாங்காதீர்கள். கணக்கை விற்பதை ஸ்டீம் ஒப்பந்தமே தடை செய்கிறது. அதைவிட முக்கியமானது, பாஸ்வேர்டு, மின்னஞ்சல், கைப்பேசி எண் மூன்றையும் நீங்கள் மாற்றிய பிறகும், விற்றவர் அந்தக் கணக்கில் தாம் ஏற்றிய ஒரு பழைய கீயின் படத்தையோ பணம் கட்டிய கார்டின் விவரத்தையோ ஸ்டீம் உதவிப் பிரிவுக்கு அனுப்பி, தம் கணக்கு களவு போனதாகச் சொல்லி அதை மீட்டுக்கொள்ள முடியும் என்பதுதான். உங்கள் பக்கம் காட்டுவதற்கு ஒரு ரசீதும் இருக்காது. அதே கணக்கை அவர் அடுத்த வாரம் இன்னொருவருக்கு விற்பார்.

ஆனாலும் வாங்குபவர்களை மட்டும் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. முறையாகக் கைமாற்ற ஒரு வழி இருந்திருந்தால் இந்தக் கள்ள வியாபாரம் இந்த அளவு வளர்ந்திருக்குமா? கடையில் காசு கொடுத்து டிஸ்க் வாங்கியவரும் ஸ்டீம் கணக்கு தொடங்கிப் பதிந்தால்தான் விளையாட முடியும் என்ற நிபந்தனையோடு 2004 நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 கேமை வால்வ் வெளியிட்டது. மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாக அதே வழிக்கு வந்தன. ஜெர்மனியின் நுகர்வோர் அமைப்பு ஒன்று வால்வ் மீது தொடுத்த வழக்கில், கணக்கை மாற்றித்தர மறுப்பது சட்டப்படி சரியே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2010ல் சொல்லிவிட்டது. டிஸ்க்கை விற்கலாம், ஆனால் வாங்கியவர் விளையாட முடியாது. இப்படி ஓர் உரிமை யாருக்குத் தேவை? ஆரக்கிள் நிறுவனம் தொடர்புடைய வழக்கில் 2012ல் ஐரோப்பிய நீதிமன்றம், டவுன்லோடு செய்த மென்பொருளின் நிரந்தர உரிமத்தையும் மறுவிற்பனை செய்யலாம் என்றபோது நம்பிக்கை பிறந்தது. அதையொட்டி 2019ல் பாரிஸ் நீதிமன்றம் ஸ்டீம் கேம்களை மறுவிற்பனை செய்ய விடாமல் தடுப்பது செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2022ல் மேல்முறையீட்டில் அதுவும் கவிழ்ந்தது. 2025 முதல் கலிபோர்னியாவில், விற்கப்படுவது உரிமம் மட்டுமே என்பதை வாங்கும் இடத்திலேயே தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறையில் இருக்கிறது. உண்மையைச் சொல்ல வைத்தார்கள், அவ்வளவுதான்; மறுவிற்பனை உரிமை திரும்பவில்லை, கேமின் விலையும் குறையவில்லை.

கேள்வி: ஸ்போர் கேமின் பழைய டிவிடி வாங்கலாமா? (ஈரோடு)

பதில்: 2008ல் ஒரு கீக்கு மூன்று ஆக்டிவேஷன் (இணையம் வழியாகக் கணினியில் பதிந்து இயக்குவது) மட்டுமே என்று வந்து, கூச்சலுக்குப் பிறகு ஐந்தாக்கப்பட்ட கேம் அது. முந்தையவர் எத்தனையைத் தீர்த்தார் என்பதைப் பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வேண்டாம்.

கேள்வி: இணையத்தில் புத்தம் புதிய கீயைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். நம்பலாமா? (திருச்சி)

பதில்: களவுபோன கிரெடிட் கார்டில் வாங்கிய கீகளும் அந்தச் சந்தையில் கலந்திருக்கும். அப்படி வாங்கப்பட்ட ஃபார் கிரை 4 கீகளை 2015 ஜனவரியில் யூபிசாஃப்ட் ரத்து செய்தது. வேறு நாட்டுக்கென ஒதுக்கப்பட்ட கீயாக இருந்தால் உங்கள் கணக்கில் ஏறாமலே போகலாம்.

கேள்வி: ப்ளேஸ்டேஷன் 4 டிஸ்க்குக்கும் இந்தத் தொல்லை உண்டா? (யாழ்ப்பாணம்)

பதில்: இல்லை, டிஸ்க் உள்ளே இருந்தால் கேம் ஓடும், விளையாடி முடித்து நீங்களும் விற்கலாம். பெட்டிக்குள் டிஸ்க்குக்குப் பதிலாக டவுன்லோடு செய்வதற்கான குறியீட்டு எண் அச்சிட்ட தாள் மட்டும் இருந்தால், அது ஏற்கெனவே ஏற்றப்பட்டதா என்று கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.