ஒரே ஒரு ஹிட் கொடுத்துவிட்டு மறைந்துபோன பெண்கள் இசைக்குழுக்களில் உங்கள் மனதில் நிற்பது எது?

பாபெட்ஸ். 1957-ல் 'மிஸ்டர் லீ' பாடிய ஐந்து சிறுமிகள்.

'ஸ்டாண்ட் பை மீ' படத்தின் பாடல் தொகுப்பில்தான் முதலில் கேட்டேன். அதில் பெரிய பெரிய பாட்டெல்லாம் இருந்தும் நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டது இதைத்தான். இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும். கயிறு தாண்டி விளையாடும்போது பிள்ளைகள் எண்ணுவார்களே, அதுபோல ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிக்கொண்டே வருகிற பாட்டு. குரல்களில் பயிற்சியின் மெருகு கிடையாது. இடைவேளை மணி அடித்ததும் வெளியே ஓடிவரும் பிள்ளைகளின் சத்தம் அப்படியே இருக்கும்.

உண்மையிலேயே பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். எம்மா போட், ஜேனி போட் இருவரும் சகோதரிகள்; கூட லாரா வெப், ஹெலன் கேதர்ஸ், ரீதர் டிக்சன். பாட்டு வெளிவந்தபோது மூத்தவளுக்கே பதினைந்து வயதுதான் இருக்கும். எழுதியவர்கள் என்று இசைத்தட்டில் ஐந்து பேர் பெயரும் இருக்கிறது. அந்தக் காலத்துக்கு அது சாதாரண விஷயம் இல்லை.

லீ என்பது அவர்களுக்குப் பிடிக்காத ஒரு வாத்தியார். அவரைக் கேலி செய்து கட்டிய பாட்டு அது. அட்லாண்டிக் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்குக் குரல்கள் பிடித்துப்போயின, கேலி பிடிக்கவில்லை. வரிகளை மாற்றச் சொன்னார்கள். அப்புறம் என்ன, பிடிக்காத வாத்தியார் அழகான மனிதராகிவிட்டார், திட்டு ஏக்கமாகிவிட்டது. அந்த வடிவம்தான் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ் என்ற கறுப்பின மக்களின் இசை) பட்டியலில் முதலிடம், பாப் பட்டியலில் ஆறாமிடம் என்று போனது. ஷிரெல்ஸ் போன்ற பெண்கள் குழுக்கள் பெரிய பெயர் எடுப்பதற்குச் சில வருடங்கள் முன்பே இது நடந்துவிட்டது.

என் மனதைத் தொட்டது அதற்குப் பிறகு நடந்ததுதான். மிஸ்டர் லீயைத் துப்பாக்கியால் சுட்டுவிட்டதாகவே ஒரு பாட்டுப் பாடினார்கள்: 'ஐ ஷாட் மிஸ்டர் லீ'. அட்லாண்டிக் அதைப் பதிவு செய்தும் வெளியிடாமல் வைத்துக்கொண்டது. பெண்கள் விடவில்லை. 1960-ல் டிரிபிள் எக்ஸ் என்ற சின்னக் கம்பெனியில் மறுபடி பாடி வெளியிட்டார்கள். அது ஓட ஆரம்பித்ததும் அட்லாண்டிக் தன் கையில் இருந்த பதிவையும் கடைக்கு அனுப்பியது! பாட்டு பாப் பட்டியலில் 52-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. எனக்கு அந்த எண் பெரிதாகப் படவில்லை. மாற்றி எழுதப்பட்ட தங்கள் பாட்டை அவர்களே மீட்டு எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் பார்க்கிறேன்.

ஒற்றை ஹிட் என்று சொல்வதிலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 1963-ல் ஜானி தண்டர் பாடிய 'லூப் டி லூப்' நான்காம் இடம் வரை போனது. அதில் பின்னால் கேட்கும் பெண் குரல்கள் இவர்களுடையவை. பெயர் மட்டும் அவருடையது.

கேட்பதாக இருந்தால் 'மிஸ்டர் லீ'யை முதலில் போடுங்கள், அது முடிந்த கையோடு 'ஐ ஷாட் மிஸ்டர் லீ'. இரண்டாவதிலும் அதே ஒன்று இரண்டு மூன்று வரும். இந்த முறை எண்ணி முடிக்கும்போது வாத்தியார் இருக்க மாட்டார்.