ஆனைப்புளியின் உறவுகள் கடல் கடந்தது எப்படி?

சென்னையில் ஆனைப்புளி (பாவோபாப்) மரத்தைப் பார்த்துவிட்டு, இதன் இனங்கள் ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருப்பது கண்டங்கள் பிரிந்ததாலா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. தென்கண்டங்கள் ஒன்றாயிருந்த கோண்டுவானா என்ற பெருநிலம் உடைந்தது மிகப் பழைய கதை. ஆனைப்புளியும் அதன் உறவு இனங்களும் அடங்கிய இந்தப் பேரினத்துக்கு வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள்தான். 2024இல் வெளியான மரபணு ஆய்வு மடகாஸ்கரைப் பிறப்பிடமாகக் காட்டுகிறது. மொத்தமுள்ள 8 இனங்களில் 6 இன்றும் அங்கேதான். அந்தத் தீவின் மலைகளும், ஏறி இறங்கிய கடல்மட்டமும் அவற்றைப் பிரித்தும் கலந்தும் விளையாடியிருக்கின்றன. கெட்டி ஓடுள்ள காய்கள் நீரோட்டத்தில் மிதந்து மற்றக் கரைகளை அடைந்திருக்க வேண்டும். (தேங்காய் கடலில் மிதப்பதைப் பார்த்த நமக்கு இது வியப்பில்லை.) பூக்களைத் தேடி வருபவர்களும் ஆளுக்கொரு விதம்: ஆப்பிரிக்க இனத்துக்குப் பழந்தின்னி வௌவால், ஆஸ்திரேலிய இனத்துக்கு நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சி. நம் ஊர் மரம் மட்டும் மனிதரோடு கப்பலேறி வந்தது என்பதே பெரும்பாலோர் கருத்து.