இழுப்பறையில் கிடக்கும் கிஃப்ட் கார்டுகள்

அன்புள்ள தம்பிக்கு,

நெல்லிக்குப்பத்திலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன என்றும், அலுவலகத்தில் கொடுத்த ஐந்தாறு கிஃப்ட் கார்டுகளை, அதிலும் சைவரான உங்களுக்கு வந்த மாட்டிறைச்சி உணவக அட்டையை, விற்றுப் பணத்தை ஊருக்கு அனுப்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து இங்கு வந்த முதல் ஆண்டில் எனக்கும் இதே குழப்பம் இருந்தது. நம் ஊர்க் கல்யாணங்களில் வரும் எவர்சில்வர் குடத்தில் கொடுத்தவரின் பெயர் வெட்டப்பட்டிருக்கும். அதை இன்னொரு வீட்டு விசேஷத்துக்குத் தூக்கிச் செல்ல முடியாது. இந்த அட்டைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மொய்ப் பணத்தைப் போல எல்லாக் கடைகளிலும் செல்லவும் செல்லாது.

விற்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அட்டைகளை வாங்கி மறுவிற்பனை செய்யும் இணையதளங்கள் முழுத் தொகையைத் தருவதில்லை. முன்பின் தெரியாதவருக்கு விற்பதோ இன்னும் மோசம். அட்டை எண்ணையும் அதன் ரகசிய எண்ணையும் (PIN) படம் பிடித்து அனுப்பிவிட்டால், அட்டை உங்கள் சட்டைப்பையிலேயே இருந்தாலும் அதிலுள்ள பணம் அவருடையதாகிவிடும். நான் செய்வது வேறு. மளிகைக்கும் பெட்ரோலுக்கும் எப்படியும் செலவழிக்கத்தான் போகிறோம். அங்கே செல்லுபடியாகும் அட்டைகளை முதலில் தீர்த்துவிட்டு, அதனால் சம்பளத்தில் மிச்சமாகும் தொகையை ஊருக்கு அனுப்பினால், ஒரு டாலர்கூடக் கழிவு கொடுக்காமல் விற்ற பலன் கிடைத்துவிடும். அமெரிக்க அமேசான் அட்டையின் எண்ணை அப்பாவுக்கு அனுப்பிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இந்திய அமேசானில் அது ஏற்கப்படாது.

2009ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, விலை கொடுத்து வாங்கிய கிஃப்ட் கார்டிலுள்ள பணம் குறைந்தது 5 ஆண்டுகளுக்குக் காலாவதியாகக் கூடாது. 12 மாதங்கள் பயன்படுத்தாமல் கிடந்தால்தான் கட்டணம் பிடிக்கலாம். ஊக்கப் பரிசாகவோ விளம்பரத்துக்காகவோ தரப்படும் அட்டைகளுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாமல் போகலாம் என்பதால், பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். அட்டையைப் பயன்படுத்திய பின் 5 டாலருக்கும் குறைவாக மீதமிருந்தால், அதை ரொக்கமாகக் கேட்டு வாங்க நம் நியூ ஜெர்சி மாநிலச் சட்டம் இடமளிக்கிறது, கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

தேதி இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. ஒரு துணிக்கடையின் 50 டாலர் அட்டையை நான் இரண்டு ஆண்டுகள் இழுப்பறையில் போட்டு வைத்திருந்தேன். அந்த நிறுவனம் திவாலாகி, அட்டைகளை ஏற்பதை நிறுத்திய பிறகுதான் அதன் நினைவே வந்தது. அலுவலகம் கொடுத்த அட்டையின் தொகை சம்பளத்தோடு சேர்த்து வரிக்கு உட்படுவது என்பதால், இழந்தது வரி கட்டிய பணம் என்ற எரிச்சல் வேறு.

குடிவரவு அதிகாரி என்று சொல்லி யாராவது தொலைபேசியில் அழைத்து, அபராதத்தைக் கிஃப்ட் கார்டாகக் கட்டச் சொன்னால், உடனே இணைப்பைத் துண்டியுங்கள். எந்த அரசு அலுவலகமும் அப்படி வசூலிப்பதில்லை.

அந்த உணவக அட்டையை வெளியில் விற்க வேண்டாம். எடிசன் பக்கம் வரும்போது கொண்டுவாருங்கள். என் மகன் அதை முழுத் தொகைக்கே வாங்கிக்கொள்வான்.