4கே லேப்டாப்பில் எழுத்து மங்கினால் ரெசல்யூஷனைக் குறைக்கலாமா?

கேள்வி: 15.6 அங்குல 4கே லேப்டாப் வாங்கினேன். எழுத்துகள் கடுகளவு தெரிகின்றன. விண்டோஸ் ஸ்கேலிங்கை (எழுத்தையும் படத்தையும் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பு) 200 சதவீதம் ஆக்கினால் பழைய மென்பொருள்கள் சில மங்கிவிடுகின்றன. ரெசல்யூஷனை, அதாவது திரை காட்டும் பிக்சல்களின் எண்ணிக்கையை, குறைத்துவிடலாமா?

தயவுசெய்து குறைக்காதீர்கள். நானும் முதலில் அதைத்தான் செய்தேன்.

உங்கள் திரையில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 282 பிக்சல்கள் (படத்தை உருவாக்கும் புள்ளிகள்) இருக்கின்றன. விண்டோஸின் 100 சதவீதக் கணக்கோ அங்குலத்துக்கு 96. எழுத்து மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குவது அதனால்தான். ரெசல்யூஷனை 4கேயின் 3840 x 2160இலிருந்து 1920 x 1080க்கு இறக்கினால் அளவு பெரிதாகும். ஆனால் நான்கு பிக்சல்கள் சேர்ந்து ஒரு பிக்சலின் வேலையைத்தான் செய்யும். காசு கொடுத்து வாங்கிய கூர்மை போய்விடும். ஸ்கேலிங்கில் அத்தனை பிக்சல்களும் எழுத்தின் வளைவுகளைத் தீட்டுகின்றன.

தமிழுக்கு இது மிகவும் முக்கியம். மெய்ப்புத் திருத்துவது என் தொழில். ‘கி’யையும் ‘கீ’யையும் பிரித்துக் காட்டுவது மேல் வளைவின் நுனியில் இருக்கும் ஒரு சிறு சுழி. மங்கலில் அந்தச் சுழி சாம்பல் நிறத்தில் அடைத்துக்கொள்ளும். அப்படித்தான் ஒரு நூலில் ‘கீழே’ என்பது ‘கிழே’ என்று அச்சாகிப் போனது. இன்னும் மனம் ஆறவில்லை.

பழைய மென்பொருள் 96 பிக்சல் கணக்கிலேயே தன் சாளரத்தை வரைகிறது. விண்டோஸ் அதை ஒரு புகைப்படத்தைப் போல இழுத்துப் பெரிதாக்குகிறது. மங்கலுக்குக் காரணம் அந்த இழுப்புதான். மென்பொருளை மூடிவிட்டு, அதன் ஐகானில் வலது கிளிக் செய்து புராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ் என்று போங்கள். கீழே உள்ள ஓவர்ரைடு கட்டத்தை டிக் செய்து ‘சிஸ்டம் என்ஹான்ஸ்டு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். 2017இல் விண்டோஸ் 10க்கு வந்த வசதி இது. எனது பக்க வடிவமைப்பு மென்பொருளில் எழுத்துகள் உடனே தெளிந்தன; டூல்பார் படங்கள் மட்டும் மங்கலாகவே இருக்கின்றன. இதற்கும் மசியாத மென்பொருளுக்கு ‘அப்ளிகேஷன்’ என்று வைத்துப் பாருங்கள். கூர்மையாகிவிடும், ஆனால் மெனு பொடிப்பொடியாக நிற்கக்கூடும்.

கஸ்டம் ஸ்கேலிங் பெட்டியில் எண் எதையும் இடாதீர்கள். அது எல்லாத் திரைகளுக்கும் ஒரே அளவைத் திணித்துவிடும். பிறகு 24 அங்குலச் சாதாரண மானிட்டரை இணைத்தால் அதில் எல்லாம் பூதாகாரமாகத் தெரியும். பட்டியலில் உள்ள அளவுகளையே திரைக்குத் தக்கபடி தனித்தனியாக வையுங்கள். அளவை மாற்றியதும் ஒருமுறை சைன் அவுட் செய்து திரும்ப உள்ளே வாருங்கள். உள்ளே வரும்போது மட்டுமே அளவைக் கேட்டுக்கொள்ளும் மென்பொருள்கள் பல இருக்கின்றன.