மாத்தின கெர்னல் செட்டிங்ஸ எப்படி எழுதி வைக்கறது, ஸ்ப்ரெட்ஷீட் போதுமா?

சர்வர்ல மாத்தி வச்சிருக்கற சிஸ்சிடிஎல் செட்டிங் (ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையமான கெர்னல் எப்படி நடந்துக்கணும்னு சொல்றது) எல்லாத்தையும் பேரு, மதிப்புன்னு ரெண்டு காலம் போட்டு ஸ்ப்ரெட்ஷீட்ல வச்சா போதுமான்னு கேட்டிருக்கீங்க. போதாதுங்க. மதிப்பு என்னன்னு மெஷினக் கேட்டாலே சொல்லிடும், ஏன் மாத்தினோம்ங்கறது தான் அதுக்குத் தெரியாது. அத எழுதுங்க முதல்ல.

எனக்கு முன்னாடி இருந்தவர் விட்டுட்டுப் போன ஒரு லினக்ஸ் சர்வர், கான்ஃபிக் ஃபைல்ல முப்பது நாப்பது வரி, ஒரு கமென்ட் கூட கிடையாது. ஒரே ஆபீஸ்ல இருந்து கனெக்ட் பண்றவங்கள்ல ஒருத்தருக்கு வருது, பக்கத்துல இருக்கறவருக்கு வரல, கொஞ்ச நேரம் கழிச்சு அவருக்கு வருது இவருக்கு வரல, ரெண்டு நாள் நெட்வொர்க் பக்கமே தேடிட்டு இருந்தேன். கடைசில பாத்தா, முடிஞ்ச கனெக்ஷன்கள சீக்கிரமா விடுவிக்கறதுக்கான டிசிபி டைம்-வெய்ட் ரீசைக்கிள்ங்கற செட்டிங் ஆன்ல இருக்கு. அது ஆன்ல இருந்தா ஒரு ஐபில இருந்து கடைசியா வந்த டைம்ஸ்டாம்ப (பாக்கெட்ல இருக்கற நேரக் குறிப்ப) கெர்னல் ஞாபகம் வச்சுக்கிட்டு, அதே ஐபில இருந்து அத விடப் பழைய டைம்ஸ்டாம்போட வர்ற சின் பாக்கெட்ட (புது கனெக்ஷன் கேக்கற முதல் பாக்கெட்ட) சத்தமே இல்லாம தூக்கிப் போட்டுடும். என்ஏடி ரவுட்டருக்குப் பின்னாடி பத்து மெஷின் இருந்தா வெளிய ஒரே ஐபி தான், டைம்ஸ்டாம்ப் மட்டும் ஆளுக்கு ஒண்ணு. கண்டுபிடிச்ச அப்புறமும் அந்த வரிய எடுத்தா வேற என்ன உடையுமோன்னு இன்னொரு நாள் போச்சு, யாரு எதுக்குப் போட்டதுன்னு ஒத்த வரி இருந்திருந்தா அஞ்சு நிமிஷ வேலை. (4.12 கெர்னல்ல அந்த செட்டிங்கையே எடுத்துட்டாங்க.)

அதோட டீஃபால்ட் என்ன இருந்துச்சு, எந்த கெர்னல் வெர்ஷன்லன்னும் எழுதணும். இத யாரும் எழுதறதில்ல, ஆனா எனக்கு இது தான் ரொம்ப முக்கியம்னு படுது. சோமேக்ஸ்கானோட (ஒரு ப்ரோக்ராம் ஏத்துக்கறதுக்காகக் காத்திருக்கற கனெக்ஷன் வரிசையோட உச்ச வரம்பு) டீஃபால்ட் லினக்ஸ்ல ரொம்ப காலம் 128, அதனால நெறைய பேர் 1024னு கூட்டி வச்சாங்க, 5.4ல டீஃபால்ட்டே 4096 ஆயிடுச்சு. அதே ஃபைல புது மெஷினுக்கு காப்பி பண்ணா அன்னைக்குக் கூட்டறதுக்குப் போட்ட வரி இன்னைக்குக் குறைக்குது, பழைய டீஃபால்ட் பக்கத்துலயே எழுதியிருந்தா பாத்த உடனே சந்தேகம் வந்திருக்கும்.

யூனிட்டும் எழுதுங்க, வெறும் எண்ண வச்சு ஊகிக்க முடியாது. டிஸ்க்ல இன்னும் எழுதாத டேட்டா எவ்வளவு நேரம் மெமரில இருக்கலாம்னு சொல்ற டர்ட்டி எக்ஸ்பயர்ல 3000னு இருக்கும், அது நூறுல ஒரு பங்கு செகண்ட் கணக்கு, அதாவது 30 செகண்ட். அந்த டேட்டா எவ்வளவு சேரலாம்னு சொல்றதுல டர்ட்டி ரேஷியோ சதவீதம், டர்ட்டி பைட்ஸ் பைட் கணக்கு, ஒண்ணுல எழுதினா இன்னொண்ணு பூஜ்யமாயிடும், அதையும் சேத்து எழுதணும்.

எப்போ அமலுக்கு வருதுங்கறது அடுத்தது. சோமேக்ஸ்கான மாத்தினாலும் ஏற்கனவே லிசன் பண்ணிட்டு இருக்கற ப்ரோக்ராமுக்குப் பழைய அளவு தான், ரீஸ்டார்ட் பண்ணணும். ஃப்ரீபிஎஸ்டில (லினக்ஸ் மாதிரி இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம்) சிலத பூட் ஆகும்போது லோடர் கான்ஃபிக்ல தான் கொடுக்க முடியும், ஓடிட்டு இருக்கறப்போ வெறும் ரீட்-ஒன்லி.

எங்க எழுதறதுன்னா செட்டிங் இருக்கற ஃபைல்லயே, அந்த வரிக்கு மேலயே ஹாஷ் போட்டு எழுதுங்க, ஃபைல கிட்ல (யாரு எப்போ என்ன மாத்தினாங்கன்னு பதிஞ்சு வைக்கற டூல்) வைங்க. தனியா இருக்கற ஸ்ப்ரெட்ஷீட்ட ராத்திரி ரெண்டு மணிக்கு யாரும் திறக்க மாட்டாங்க. எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல கொட்டாம டேட்டாபேஸுக்கு ஒண்ணு, நெட்வொர்க்குக்கு ஒண்ணுன்னு பிரிச்சு வச்சா தேவை தீர்ந்ததும் ஃபைலோட எடுத்துடலாம்.

நீங்களே ட்ரைவர் எழுதி புது செட்டிங் வெளிய விடறீங்கன்னா ஃப்ரீபிஎஸ்டி முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். செட்டிங்க கோடுல டிக்ளேர் பண்ற இடத்துலயே விளக்கத்தையும் கொடுக்கலாம், சிஸ்சிடிஎல்லுக்கு மைனஸ் டி கொடுத்தா மெஷின்லயே அந்த விளக்கம் வரும். லினக்ஸ்ல விளக்கம் சோர்ஸ் ட்ரீல தனி டாகுமென்ட்டா இருக்கு, அதனால கோட மாத்தற அதே பேட்ச்லயே டாகுமென்ட்டையும் மாத்துங்க, அப்புறம் பாத்துக்கலாம்னு விடாதீங்க.